படிகாரக் கயிற்றில் ஒரு தேன்சிட்டு

முத்தாபுதுப்பேட்டை,
மாசி, ஞாயிறு.

அன்புள்ள நாகேந்திரன் மாமாவுக்கு,

எழில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, நான், தையல் மெஷின் மூவரும் சுகம். ஐயப்பன்தாங்கலில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். பள்ளியில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல முடியாமல் ஒன்பதாவதோடு நின்றவள் நான். போனில் எப்படிப் பேசுவேன், அதனால் கடிதம். பறவைக் கணக்கெடுப்பில் என்னைக் கேட்காமல் சேர்த்த என் பெயரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

"ஒரே எடத்துல நின்னு, வாயத் திறக்காம எண்ணணும், உனக்குன்னே வெச்ச வேலை" என்றீர்கள். வாசலில் நின்றேன். எங்கள் ஹவுஸ் ஓனர் கெங்கம்மாள் திருஷ்டிக்காகக் கேட்டில் கறுப்புக் கயிறு போட்டுப் படிகாரம் தொங்கவிட்டிருக்கிறார் அல்லவா, அந்தக் கயிற்றில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அளவுதான் உடம்பு. தூரத்தில் பார்த்தால் குப்பை தொங்குவதுபோல் இருக்கும். கிட்டே போனால் சிலந்தி வலை, சருகு, நான் வெட்டிப் போட்ட ஜாக்கெட் நூல் எல்லாவற்றையும் ஒட்டி, வாசலுக்கு மேல் சன்ஷேடுகூட வைத்திருக்கிறது மாமா. அளவு நாடா இல்லை, கத்திரி இல்லை, மூக்கு ஒன்றுதான். அதைப் பார்த்த பார்வையில் காகம், மைனா எதையும் எண்ணவில்லை. அந்த ஒரே குருவி வந்த ஒவ்வொரு முறையும் ஒரு குருவி என்று எழுதி அனுப்பிவிட்டேன். கணக்கெடுப்பு நடத்தும் சுதா மேடம், இத்தனை தேன்சிட்டா என்று போன் செய்தார். கட் பண்ணிவிட்டேன்.

அதற்குள் அமாவாசை வந்துவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை கெங்கம்மாள் பழைய படிகாரத்தை அறுத்துவிட்டுப் புதிதைக் கட்டுவார், அறுக்க என் கத்திரியைத்தான் வாங்குவார். கூட்டுக்குள் குருவி மூக்கை மட்டும் நீட்டி அடைகாக்கிறது. கத்திரியை அரிசி டப்பாவில் ஒளித்தேன். "இன்னாமே, கத்திரி எங்க?" என்றார். தரையைப் பார்த்தேன். "சரி, அருவாமணைய எடுத்தாரேன்" என்று போனார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, கேட்டுக்கு முன்னால் ஓடிப்போய் நின்று, "அறுக்காதீங்க, உள்ள முட்டை கீது" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பியது. கெங்கம்மாள் அருவாமணையைக் கீழே வைத்தார்.

"உனக்குப் பேச்சு வருமா? ஊமைப் பொண்ணுன்னு இத்தினி நாளு கோயில்ல வேண்டிக்கினு கீறேன்" என்றார்.

புதுப் படிகாரம் பக்கத்தில் தனியாகத் தொங்குகிறது. இப்போது தெருவே வந்து கூட்டைப் பார்க்கிறது. இத்தனை பேர் கண்ணும் குருவிமேல் பட்டுவிடும் என்று, கூட்டுக்கும் ஓர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கட்டியிருக்கிறார் கெங்கம்மாள். வருகிறவர்களுக்கெல்லாம் விளக்க, "எயிலு, வந்து சொல்லு" என்று என்னைக் கூப்பிடுகிறார். வாயைத் திறக்காத வேலை என்றுதானே சேர்த்தீர்கள். என்னால் முடியாது மாமா.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முதுகுவலி குறையட்டும். உங்கள் வாசலுக்கும் தேன்சிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
எழில்

பி.கு.: பெயர் இருக்கட்டும். கடிதத்தை ஒட்டுவதற்குள் கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகள் தலை நீட்டிவிட்டன. சுதா மேடத்துக்கு நானே போன் செய்து சொல்லிக்கொண்டிருந்தேன். கெங்கம்மாள் வெளியே வந்து, "மெதுவா பேசு எயிலு, குருவி பயந்துக்கப் போவுது" என்று அதட்டினார்.