இந்த வீட்டில் இருப்பவர் என் கணவர்தான்

சரோஜினி நகர்,
புது டெல்லி,
14-11-86

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு, மருமகள் ஜெயலட்சுமி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் மகன், பேத்தி உமா மூவரும் தங்கள் ஆசியால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தங்கள் மூட்டு வலியும் அத்தையின் பல் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றி எழுத வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கொஞ்சம் நீளம், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்து படிக்கவும்.

தங்கள் கடிதமும், அதோடு தங்கள் சிநேகிதர் இராஜமாணிக்கம் அவர்கள் தயவில் கிடைத்த கிண்டி வேலைக்கான உத்தரவும் வந்து சேர்ந்தன. டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், பாலசுப்ரமணியத்தைக் கேட்டால் அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஆகையால் நீயே கிளப்பி அனுப்பிவிடு என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில், என் மகன் டெல்லியில் என்னதான் செய்கிறான், பாளையங்கோட்டையில் நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்ல என்றும் வருத்தத்தோடு கேட்டிருந்தீர்கள். மாமா, என்ன சொல்ல என்று தங்களுக்குத் தெரியாமல் போனதில்தான் இந்த வாரம் எங்கள் வீடே பறிபோக இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வேலை. நேரு பிளேஸில் ஒரு கம்பெனி சொந்தமாகக் கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. ஒரே இயந்திரத்தில் பல பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாமாம். கணக்குப் போடுவது, சம்பளப் பட்டியல் அடிப்பது என்று கண்ணுக்குத் தெரியும் வேலை செய்கிற புரோகிராம்கள் மேலே இருக்குமாம். அவற்றுக்கெல்லாம் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்குமாம், யாருக்கு எந்த இடம், யாருக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்குவது அதன் வேலையாம், அது ஒழுங்காக இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியாதாம், அது தப்புச் செய்தால் மட்டும் எல்லாமே நின்றுவிடுமாம். அதைத்தான் தங்கள் மகன் எழுதுகிறார். கம்பெனியில் சம்பளத்துக்கு இல்லை, வெளியிலிருந்து கன்சல்டன்ட்டாக. டெல்லியில் கன்சல்டன்ட் என்றால் ரிட்டையர் ஆனவர் அல்லது சஸ்பெண்ட் ஆனவர் என்று அர்த்தம். இவர் இரண்டும் இல்லை, நல்ல வேலையைத் தானாக விட்டவர், அதனால் இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று என் ஆபீஸில் யாருக்கும் புரியவில்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு டெம்போவில் அந்த இயந்திரத்தையும், டெர்மினல் என்று திரையும் எழுத்துப் பலகையுமாக இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் இறக்கிவிட்டார்கள். அன்று முதல் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டிய ஒன்றைச் செய்வதற்காக ஒரு மனிதர் லுங்கியும் தாடியுமாக வீட்டோடு இருக்கிறார் என்று பாளையங்கோட்டையில் சொல்வது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தாங்கள் அதை டெல்லியிலும் சொல்லவில்லையே. போன குளிர்காலத்தில் தாங்கள் வந்திருந்தபோது, மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மிஸஸ் பாட்டியா, உங்கள் மகன் எங்கே வேலையாக இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். தாங்கள், தங்களுக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்து, "பம்பாய். படா கம்பெனி" என்று சொல்லியிருக்கிறீர்கள். தங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படியானால் அந்த வீட்டில் தாடியோடு இருக்கிறவன் யார் என்று அந்த அம்மாள் ஒரு வருஷமாக யோசித்து, நான் வாடகைக்கு வைத்திருக்கும் ஆள் என்று முடிவு கட்டியிருக்கிறார். வேறு மாதிரி முடிவு கட்டாமல் இருந்ததற்கு அவருக்கு நான் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும்.

இந்த வீடு என் உத்தியோகத்துக்குக் கிடைத்தது. இப்படிச் சர்க்கார் குவார்ட்டர்ஸை வாங்கிக்கொண்டு அதை உள்வாடகைக்கு விடுகிறவர்களைப் பிடிக்க எங்கள் காலனிக்கு அவ்வப்போது ஆட்கள் வருவார்கள். மாட்டிக்கொண்டால் வீடு போய்விடும், திரும்பக் கிடைக்கப் பல வருஷம் ஆகும். செவ்வாய்க்கிழமை காலை, நான் ஆபீஸ் போன பிறகு, துபே என்று ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தவர் தங்கள் மகன். உள்ளே கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர், தரையெல்லாம் கம்ப்யூட்டர் காகிதம், மேஜையில் இயந்திரம். நீங்கள் யார் என்று கேட்டதற்கு இவர், ஜெயலட்சுமியின் கணவர் என்று சொல்லியிருக்கிறார். அதற்குத் துபே, "இருவது வருஷமா இந்த வேலையில இருக்கேன். மாட்டிக்கிட்டவங்க கசின்னு சொல்லுவாங்க, மச்சான்னு சொல்லுவாங்க. புருஷன்னு சொல்ற தைரியத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாராம். இதெல்லாம் அந்தப் பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எந்த ஆபீஸ் என்று கேட்டிருக்கிறார். ஆபீஸ் இல்லை. அப்படியானால் என்ன வேலை? வழக்கமாக இந்தக் கேள்விக்கு மோட்டுவளையைப் பார்க்கிற தங்கள் மகன், அன்றைக்கு என்ன தோன்றியதோ, விளக்க ஆரம்பித்துவிட்டார். "உள்ள மெமரின்னு இருக்கு, உங்க காலனி மாதிரி. யாருக்கு எந்த இடம்னு என் புரோகிராம் ஒதுக்கும். ஒருத்தருக்கு ஒதுக்கின இடத்துல இன்னொருத்தர் கால் வைக்க முடியாது."

"உள்வாடகைக்கு விட்டா?"

"விட முடியாது. கால் வெச்ச உடனே வெளிய தள்ளிடும்."

"நோட்டீஸ் குடுக்காமயா?"

"நோட்டீஸெல்லாம் கிடையாது."

"மேலிடத்துலேர்ந்து போன் வந்தா?"

"போன் வர வழியே வைக்கல."

துபே மப்ளரைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாராம். "ரிட்டையர் ஆனப்புறமும் காலி பண்ணாம இருந்தா?"

"வேலை முடிஞ்ச அடுத்த நொடி இடம் காலி."

"அச்சா" என்று அவர் விட்ட பெருமூச்சு வாசல் வரைக்கும் கேட்டதாம். தங்கள் மகனின் வேலையை முதல் முறையாக ஒரு மனிதர் புரிந்துகொண்டு மெச்சினார், மாமா, அந்த மனிதர் எங்களைக் காலி செய்ய வந்தவர். ஏனென்றால் உடனே அவர், "இவ்வளவு நியாயம் தெரிஞ்சவர், நீங்களே இப்படி அடுத்தவங்க வீட்டுல இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சாட்சிக்கு மிஸஸ் பாட்டியாவைக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "பாவம் ஜெயா, புருஷன் பம்பாய்ல இருக்காரு, மாமனாரே சொன்னாரு, தனியா எப்படி சமாளிப்பா, அதான் ஒரு ஆள வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டார். தங்கள் வார்த்தைக்கு டெல்லியில் எவ்வளவு மதிப்பு பாருங்கள். கட்டிய கணவர் சொன்னது செல்லவில்லை, ஒரு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் சொன்னது செல்லுபடி ஆகிவிட்டது.

ஆபீஸுக்குப் போன் வந்து, நான் ஆட்டோ பிடித்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தேன். இவர் என் கணவர்தான் என்றேன். வீட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று துபே என்னைச் சமையலறையில் நிறுத்திவிட்டு, முன்னறையில் இவரைத் தனியாக விசாரித்தார். எங்கள் கல்யாணம் எந்தத் தேதி? இவர் ரொம்ப நேரம் யோசித்து, "மழை பெஞ்சுது" என்றார். பெண் எந்த வகுப்பு? மூன்று என்றார், பிறகு நான்கு என்றார். மனைவி எந்த செக்ஷனில் வேலை செய்கிறாள்? நான் அதே செக்ஷனில் அதே மேஜையில் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், மாமா. "ஏதோ ஃபைல் பாக்கற செக்ஷன்" என்றார். வீடு போயிற்று என்று நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் துபே எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "பெஹன்ஜி, உள்வாடகைக்கு இருக்கறவன் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பான். ஒண்ணுமே தெரியாம ஒரு வீட்டுல இருக்கணும்னா அவன் புருஷனாத்தான் இருக்க முடியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மிஸஸ் பாட்டியா சிரித்தார், பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எல்லாரும் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. அந்த இயந்திரத்துக்குள் எந்தப் புரோகிராம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து போட்டார். படித்தேன். ஒவ்வொரு வரியும் சரி என்று பட்டது. உலகத்தில் எல்லாரையும் போல ஒரு மேஜை, ஒரு நாற்காலி, யார் கேட்டாலும் ஒரே வார்த்தையில் சொல்லும்படி ஒரு உத்தியோகம், இதில் என்ன தப்பு? கடிதத்தை அவர் முன்னால் வைத்து, கிளம்புங்க என்றேன். படித்துவிட்டு, "அப்பா வாக்குக் குடுத்துட்டாவ. நீயும் சொல்லுத. போறேன்" என்றார்.

ஆகவே தங்கள் சொல்படியே எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. புதன்கிழமைக்குள் வேலையைப் பையன்கள் கையில் ஒப்படைத்துவிட்டு வியாழக்கிழமை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புறப்படுகிறார். தாடியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். என் இலாகாவில் மெட்ராஸுக்கு மாற்றல் கிடையாது என்பதால் நானும் உமாவும் இங்கேயே இருப்போம், லீவுக்கு லீவு வந்து பார்த்துக்கொள்வோம். எத்தனையோ குடும்பங்கள் அப்படி இருக்கின்றன. இராஜமாணிக்கம் அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லவும். அத்தையை இரண்டு பக்கமும் மெல்ல வேண்டாம் என்று சொல்லவும். தங்கள் இருவர் காலிலும் இங்கிருந்தே விழுந்து கும்பிட்டுக்கொள்கிறேன், எங்கள் மூன்று பேருக்கும் ஆசி அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மருமகள்
ஜெயலட்சுமி

பி.கு. (19-11-86, புதன்): மேலே எழுதியதைத் தபாலில் போட மறந்து கைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று.

நாளை ரயிலுக்கு இட்லி கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று இன்றைக்கு லீவு போட்டிருந்தேன். முன்னறையில் இவர் பையன்களுக்கு வேலையை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். ஒரு பையன், பெரிய கணக்குப் போடுகிற புரோகிராமை விட்டுவிட்டுச் சும்மா காத்திருக்கிறதை ஏன் முன்னால் அனுப்புகிறீர்கள் என்று கேட்டான். இவர் சொன்னார்: "பெரிய ஆளு எப்படியும் எடத்தப் புடிச்சுக்கிடுவான். சத்தம் போடாம காத்துக்கிட்டு இருக்கவன மறந்துரக் கூடாது. எவ்வளவு காத்திருக்கானோ அவ்வளவு முன்னால வரணும்." கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுல நான் இதச் செய்யல. அதனாலதான் தெரியும்" என்றார். பையன்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பிறகு பரீட்சித்துப் பார்க்க என்னை ஒரு டெர்மினலிலும் உமாவை இன்னொன்றிலும் உட்காரவைத்து, எதையாவது அடியுங்கள் என்றார். பின்னால் ஏதோ பெரிய கணக்கு வேறு ஓடிக்கொண்டிருந்ததாம். உமா அவள் பெயரை அடித்தாள், நான் அரிசி, பருப்பு என்று அடித்தேன். ஒரு எழுத்துக்கூடத் தயங்காமல் வந்தது. எங்களுக்காகவே அந்த இயந்திரம் இருப்பது போல இருந்தது. போன மாதம் வரைக்கும் இரண்டாவது ஆள் விரலை வைத்தாலே நின்றுபோகுமாம். பையன்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். உமாவின் கண்ணுக்குத் திரையில் அவள் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஒருவரும் பார்க்காத மூலையில் நின்று இவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை, மாமா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாங்கள் உத்தரவு போட்டீர்கள், நான் பெட்டி கட்டினேன், இவரிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன்கள் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, ஒங்களுக்குப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டேன். மோட்டுவளையைப் பார்த்தார். நான் அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். பிறகு, "இல்ல" என்றார்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். இட்லியை மிஸஸ் பாட்டியா வீட்டோடு சேர்ந்து சாப்பிட்டோம். இராஜமாணிக்கம் அவர்கள் கோபித்துக்கொண்டால், மகன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம். அவர் தங்களுக்காகப் போகத் தயாராகத்தான் இருந்தார். தடுத்தது நான்.