ஒத்தடம் அக்காவும் இருபத்திரண்டு நிமிடமும்

மயிலாப்பூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒத்தடம் அக்காவைப்போல் மிரட்டியே வலியை விரட்டும் ஆள் கிடைக்கமாட்டார். டாக்டர்கள் நோயாளிகளுக்குப் பயப்படும் காலம் இது. அக்காவுக்கு நோயாளிகளும் பயந்தார்கள், டாக்டரும் பயந்தார்.

மந்தைவெளிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது அவர் வேலை பார்த்த பிசியோதெரபி கிளினிக். வெந்நீரில் ஊறும் பொதிகளை எடுத்து, டவலில் சுற்றி, வலிக்கும் இடத்தில் வைப்பது அக்காவின் வேலை. சாந்தோம் கடலோரக் குப்பத்திலிருந்து நடந்தே வருவார்.

எனக்குக் கழுத்தும் வலது தோளும் இரண்டு வருடமாக வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "டென்ஷன்தான் மேடம். தோளை இறக்கி வைங்க" என்றார் டாக்டர். எங்கே இறக்குவது? மகள் வேளச்சேரியில் உள்ள கல்லூரிக்குப் பறக்கும் ரயிலில் போய்வந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டும் நீலப் புள்ளி ஒன்று என் போனில் இருந்தது. புள்ளி நகர்ந்தால் மூச்சு விடுவேன். நின்றால் தோள் காது வரைக்கும் ஏறிவிடும். ரயில் என்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும் என்பது அறிவுக்குத் தெரிந்தது, தோளுக்குத் தெரியவில்லை.

அக்கா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா, குப்புறப் படுத்துக்கினு போன்ல இன்னாத்த பாக்குற?"

"பொண்ணு எங்க வர்றான்னு..."

"நீ கய்த்த நீட்டுனா ரயிலு சீக்கிரம் வந்துடுமா? குடு இப்டி."

போன் ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் போய் மூடி விழுந்தது. எல்லோருக்கும் அதே சட்டம்தான். பாண்டி பஜார் நகைக்கடைக்காரர் ஒருவரின் மூன்று போன்களும் அதற்குள்தான் கிடக்கும். மணியடித்தால் அக்காவே எடுப்பார்.

"சாரு வெந்துக்கினு கீறாரு. அர மணி நேரம் கயிச்சு பேசு."

ஒருமுறை அப்படிப் பதில் வாங்கியவர் ஒரு வருமான வரி அதிகாரி. மறுவாரமே அவரும் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்துக் கட்டிலில் குப்புறப் படுத்தார். அவர் போனும் தூக்குக்குள் போனது.

மூன்றாவது வாரம், இரண்டு வருடத்துக்குப் பிறகு வலது கையாலேயே தலை வாரிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் ஒரு மழை நாள். ஒத்தடம் முடிந்து போனை வாங்கிப் பார்த்தால், மகளின் அழைப்பு. அக்கா வெளியே போய்ப் பேசிய நேரம் இருபத்திரண்டு நிமிடம்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணியும் இல்லம்மா. மயைல ரயிலு நின்னுபோச்சாம். சும்மா பேசிக்கினு இருந்தோம்."

"என்கிட்ட ஏன் குடுக்கல?"

"குடுத்தா நீ டவலோட எய்ந்து ஓடிருப்ப."

நான் கத்தினேன். எல்லாக் கட்டில்களின் திரைகளும் விலகின. "என் பொண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா நீங்களா பொறுப்பு?" அக்கா டவலை மடித்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் டாக்டருக்கு நீளமாக ஒரு வாட்ஸ்அப் புகார் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது வேறொரு பெண் பொதியை வைத்தார். "அக்காவ வேலைய விட்டு நிறுத்திட்டேன் மேடம்" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல். அன்று புள்ளியைப் பார்த்தபடியே படுத்திருந்தேன். வாரக் கடைசியில் கழுத்து பழையபடி இறுகிவிட்டது.

மாதங்கள் கழித்து, அக்காவின் வேலை போனதைப் பேச்சோடு பேச்சாக மகளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல எனக்கு மூச்சே வரலம்மா. ரயில் வராம ஒரே கூட்டம், பயந்துட்டேன். அந்த அக்காதான் விடாம பேசினாங்க. தெரிஞ்ச மீன் பேரெல்லாம் சொல்லுன்னாங்க. எனக்கு வஞ்சிரத்துக்கு மேல தெரியல. 'இன்னா பொண்ணு நீ, மெட்ராஸ்ல பொறந்துட்டு'ன்னு திட்டினாங்க பாரு, சிரிச்சுட்டேன். அப்புறம்தான் மூச்சு வந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி?"

"உன்கிட்ட சொன்னா, நான்தானேம்மா உன்னைச் சமாதானப்படுத்தணும்?"

அன்றைக்கே அந்தப் புள்ளியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் வாரம் நரகம். பிறகு கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இப்போது மாதத்தில் நாலைந்து நாள்தான் வலி.

சாந்தோம் கடலோரத்தில் போய் விசாரித்தேன். மீன் விற்றுக்கொண்டிருந்த பெண், "ஒத்தடம் அக்காவா? அப்டி யாரும் இல்லியே. பேரு இன்னா?" என்றார். ஒத்தடம் அக்கா என்பது நாங்களாக வைத்த பெயர். சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. டாக்டருக்கும் அவர் வெறும் 'அக்கா'தானாம்.

வரும் ஞாயிறும் போகிறோம், மகளும் வருகிறாள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அது மட்டுமில்லை. அக்கா ஒரு தடவை என் கழுத்தை அழுத்திப் பார்த்து, "இப்ப தேவலம்மா" என்று சொல்ல வேண்டும்.