பதினேழாம் பக்கத்து முத்திரை

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் எழில் நகர் வாசகசாலைக்கு ஒரு டேப்லெட் வாங்குவதெனத் தீர்மானம் ஆனது. காரணம் சந்திரம்மாள். கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவர். இரண்டு வருஷமாக அவர் தொடர்கதை படித்துவந்த வாரப் பத்திரிகை, திடீரென்று அச்சை நிறுத்திவிட்டுக் கடைசி அத்தியாயத்தை டிஜிட்டலில் மட்டும் போட்டது. அவரிடம் இருப்பதோ பட்டன் போன்.

"அந்தப் பொண்ணு மதிவதனி வீட்டுக்குத் திரும்பினாளா இல்லையா, அது தெரிஞ்சா போதுங்க" என்று வந்து மனு கொடுத்தார்.

மேற்படி மனுவைப் பரிசீலிக்க ஐவர் குழு அமைக்கப்பட்டது. வாசகர் பிரதிநிதியாக அடியேனும் அதில் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, டீ வடையோடு எட்டு மாதம் பரிசீலித்தோம். பிறகுதான் கடைக்குப் போனோம்.

"இது கண்ணு கூசாத மாடல் சார். எழுத்தைப் பெருசாக்கிக்கலாம், வெயிட்டும் கம்மி" என்றார் கடைக்காரர் கோபி.

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க. முத்திரை பதியுமா?" என்று கேட்டார் எங்கள் செயலாளர் பரசுராமன். எந்தப் புத்தகமானாலும் பதினேழாம் பக்கத்தில் உள்ளங்கை அகல வாசகசாலை முத்திரை இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

கோபி தலையைச் சொறிந்தார். "இதுல எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கண்ணாடிதான் சார்."

"அப்ப வேலை சுலபம். ஒரே குத்துல எல்லாப் புத்தகமும் முடிஞ்சிடும்."

பெரிய டேப்லெட்டில் முத்திரை எடுப்பாகத் தெரியவில்லை. ஏழு இஞ்ச் மாடலில் ஓரம் மட்டும் விட்டுக் கச்சிதமாகப் பொருந்தியது. அதையே தேர்வு செய்து, அழியாத மையில் குத்தினோம். வாசகர்கள் கண்ணாடியைத் தொடலாகாது, பக்கத்தைச் செயலாளரே திருப்புவார் என்று பலகையும் மாட்டினோம்.

திறப்பு விழாவுக்குச் சந்திரம்மாள் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். பரசுராமன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தம்மா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"'மதிவதனி திரும்பி'ன்னு இருக்குதுங்க. அதுக்கப்புறம் உங்க முத்திரைதான் இருக்குது."

"ஓரத்துல தெரியறதைப் படிச்சுக்கங்கம்மா."

அவர் நிமிர்ந்து எங்கள் ஐவரையும் பார்த்தார். "உங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் அந்தக் கதையைப் படிச்சிருந்தா, வாயாலயே சொல்லியிருக்கலாமேங்க. நான் கேட்டது அவ்ளோதான?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரசுராமன் மட்டும் அசராமல் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார். குழு உறுப்பினர் எவரும் எதையும் படிப்பதில்லை என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாசகர் பிரதிநிதி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.