இரண்டு கத்தியும் ஓர் ஓட்டையும்

ஒரு விஷயத்திலாவது மனைவியை ஜெயித்துவிட வேண்டும் என்று பல்லுக்காரர் வெகுநாளாகத் தவம் கிடந்தார். பல்செட் செய்வது அவர் தொழில். முன்னறைதான் பட்டறை. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் தயவில்தான். வீட்டில் மட்டும் அவர் வாய் செல்லாது.

பின்கட்டில் குழாய் பதிக்கத் தோண்டியபோது அந்தப் பொற்காசு கிடைத்தது. ஓரத்தில் ஒரு துளை. பார்க்க வந்த மியூசியத்து அம்மா, பின்னால் நாற்காலி இருப்பதையே மறந்து நின்றார்.

"ரோமாபுரிக் காசுங்க. சீசரைக் குத்தின புரூட்டஸ் அடிச்சது. இது அவன் முகம். திருப்புங்க. ரெண்டு கத்தி, நடுவுல விடுதலையான அடிமை போடற குல்லா. கீழே, குத்தின நாள்."

"கொலை பண்ணிட்டு அதைக் காசுல வேற போட்டுக்கிட்டானா?" என்றாள் மனைவி.

"பெருமையா. சிப்பாய்ங்களுக்குச் சம்பளமே இதுதான். கொஞ்ச நாள்லயே போர்ல தோத்து, தானே உயிரை விட்டான். இதை யாரோ ஓட்டை போட்டுக் கழுத்துல மாட்டியிருக்காங்க. தங்கத்துல அடிச்ச இந்தக் காசை உலகத்துலயே விரல்விட்டு எண்ணிடலாம்."

பல்லுக்காரருக்குப் புல்லரித்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சிப்பாய் பொத்திப் பிடித்த காசு, இப்போது தன் உள்ளங்கையில். அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"அந்தம்மா திங்கட்கிழமை வந்து மியூசியத்துக்கு வாங்கிக்கறாங்களாம். ஒழுங்கா கொடுத்துடணும்," என்றாள் மனைவி.

"கொடுக்காம என்ன?" என்றார். விற்கும் ஆசை அவருக்குச் சத்தியமாக இல்லை. அதைப் பார்க்காமல் இனி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அவள் கடைக்குப் போன நேரத்தில், பல்லுக்கு அச்செடுக்கிற மாதிரியே காசுக்கும் அச்செடுத்து, ஒரு போலியை வார்த்து முலாம் பூசினார். கத்தியின் கூர்கூட மாறவில்லை. காசு இருந்த டப்பியில் போலியை வைத்தார். அசலை, பல்செட்டுக்கு அச்செடுத்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டர் தாடையின் குழியில் வைத்து மெழுகால் மூடினார். சந்தடி அடங்கியதும் உடைத்து எடுத்துக்கொள்ளலாம். மேலே பூசப் பிளாஸ்டர் குழைக்கத் தண்ணீர் எடுத்து வந்தால், மனைவி மேசையருகே தேநீரோடு நின்றாள்.

"இது யார் தாடை?"

"அது... ஒரு பழைய சிப்பாயோடது."

"பாவம்," என்றாள்.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்து டப்பியை வாங்கிப் போனார். மனைவி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதிலேயே அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

காசைக் காட்சிக்கு வைத்த அன்று இருவரும் போனார்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஜனம் மூச்சுவிடாமல் நின்றது. நம் கைவேலைக்கு இத்தனை பக்தியா என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு பல்லுக்காரர் குனிந்தார். காசின் ஓரத்தில் துளை இருந்தது.

அவர் செய்ததில் துளை கிடையாது. ஓட்டையைக் கண்டால் அடைத்தே பழகிய கை, அச்சிலும் தன்னால் அடைத்துவிட்டிருந்தது. இத்தனை நாள் அது அவருக்கு உறைக்கவே இல்லை.

"நீங்க தண்ணி எடுக்கப் போனப்ப டப்பியைத் திறந்தேன், ஓட்டையைக் காணோம்," என்றாள் மனைவி மெல்ல. "மெழுகைத் தூக்கினேன், இருந்துச்சு. மாத்தி வெச்சேன். இல்லைன்னா அந்தம்மா முன்னாடி நம்ம மானம் போயிருக்கும்."

"கூடவே இருந்து குத்திட்டியே."

விளக்கொளியில் இரண்டு கத்திகளும் மின்னின. தோற்ற வலியையும் மீறி அவருக்கு மறுபடி புல்லரித்தது. அருகில் அவளும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்ததும் கேட்டாள்: "ஏங்க, அந்தச் சிப்பாய் எப்ப வந்து தாடையை வாங்கிக்கப் போறார்?"