இன்ஜின் நீங்கலாக ஒரு வண்டி

குடிநீர் வாரியத்தின் பழைய பிக்கப் வண்டி உயிரை விட்டது. மேட்டுத்தெருவுக்குப் போக வேண்டிய, தண்ணீர் ஏற்றும் புது மோட்டார், ஆபீஸ் வராந்தாவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மேட்டுத்தெருவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆகவே, பொதுமக்களின் அவசரத் தேவையை முன்னிட்டு, புது வண்டிக்கு டீசல் இன்ஜினா, பெட்ரோல் இன்ஜினா என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது.

டிரைவருக்கு வயிற்றெரிச்சல். அவருடைய அக்கா மேட்டுத்தெருவில்தான் இருந்தாள். முழங்கால் வலியோடு தினம் ஆறு குடம் கீழேயிருந்து சுமந்தாள். "நீ குடிநீர் வாரியத்துல இருக்கேன்னு வெளிய சொல்லிடாதடா, மானம் போகுது" என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தார்.

"சார், மேடு ஏற, பாரம் இழுக்க டீசல் நல்லது. ஊருக்குள்ள கொஞ்ச தூரம் ஓட்டப் பெட்ரோலே போதும். எதை வாங்கினாலும் நான் மேல ஏத்திடறேன். சீக்கிரம் வாங்குங்க."

பெரிய இன்ஜினீயர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீ வண்டி ஓட்டறவன்ப்பா. உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

விஞ்ஞான ரீதியான சோதனை நடந்தது. பெரிய இன்ஜினீயரின் ஜன்னலுக்குக் கீழே இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டீசலைக் கிளப்பியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசையில் டீ சிந்தியது. அடுத்து பெட்ரோலைக் கிளப்பினார்கள். அவர் இன்னொரு டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஏன் இன்னும் கிளப்பல?" என்று கேட்டார்.

தலைமை எழுத்தர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். டீசல், நிர்வாகப் பணிக்கு இடையூறு விளைவிக்கிறது. பெட்ரோலோ, வாரிய வாகனம் வருவதை அறிந்து பொதுமக்கள் ஒதுங்கி நிற்கும் நல்வாய்ப்பை அறவே ஒழிக்கிறது.

"என் மாப்பிள்ளை டீசல் வண்டிய வித்துட்டாரு," என்றார் பெரிய இன்ஜினீயர். "இப்பல்லாம் டீசல்ல போனா கல்யாண வீட்டு வாசல்ல நிறுத்தவே விடறதில்லையாம்."

"அப்ப பெட்ரோல்னு எழுதிடவா சார்?"

"எழுதுங்க. கையெழுத்து யார் போடறது?"

"நீங்கதான் சார்."

"நாளைக்கு வண்டி மேட்டுல நின்னுட்டா?"

"கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார் சார்."

பெரிய இன்ஜினீயர் பேனாவை மூடினார். அதன் பிறகு பதினோரு கூட்டங்கள் நடந்தன. மூன்றாம் மாதம் ஒரு மகத்தான தீர்மானம் பிறந்தது: வண்டி தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லாதபடியால் வண்டியை உடனே வாங்குவது, இன்ஜின் குறித்துப் பின்னர் முடிவெடுப்பது.

வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது. டிரைவர் பானெட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு பேர் வசதியாகப் படுத்துத் தூங்கலாம்.

"சார், இதுல இன்ஜின் இல்ல சார்!"

"அவசரம் அவசரம்னு நீதானேப்பா குதிச்சே?"

தொடக்க விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மோட்டாரை வண்டியில் ஏற்றி, மேட்டின் அடிவாரம் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேட்டுத்தெருக்காரர்கள் நாற்பது பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். அக்கா பின்னாலிருந்து தள்ளினாள். டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, வளைவு தவறாமல் ஹாரன் அடித்தார். அரை நாள் ஆயிற்று. செலவு இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை என்று தலைமை எழுத்தர் பாராட்டிக் குறிப்பு எழுதினார்.

மேலே சேர்ந்ததும் நாலு பேர் மோட்டாரைக் கையால் தூக்கிக் கீழே வைத்தார்கள். அக்கா அதை வாயைப் பிளந்து பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, நாலு பேர் தூக்கற மோட்டாரா இது? இதுக்கா மூணு மாசம் வண்டி வண்டின்னு காத்துக் கிடந்தோம்?"

டிரைவருக்குச் சுருக்கென்றது. அவருக்கும் ஒரு நாளும் அது தோன்றவில்லை. கயிறு இழுத்த நாற்பது பேரும் அதற்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

"இந்த மேட்டுக்கு டீசல்தான்யா!"

"டீசலா? எந்தக் காலத்துல இருக்கே நீ?"

சட்டையைப் பிடிக்கும் நேரத்தில் ஒருவர் திரும்பி, "அண்ணே, ஓட்டறவர் நீங்க சொல்லுங்க, எது நல்லது?" என்றார்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவரை ஒருவர் கேட்டுவிட்டார். டிரைவர் அக்காவை மறந்தார், மோட்டாரை மறந்தார். வண்டி மேல் ஏறி நின்று, "டீசல்!" என்று முழங்கினார்.

மோட்டாரைப் பொருத்த வந்திருந்த ஃபிட்டர் பெட்ரோல் கட்சி. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் வந்தார். அன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.