தராசும் இரண்டு பர்பன் பாட்டில்களும்

விலை கூடின பொருளை நம்பாத மனிதர் கொடைக்கானல் மலையிலேயே அவர் ஒருவர்தான். விலை குறைந்த பொருளையும் அவர் நம்பவில்லை என்பதுதான் கஷ்டம்.

செண்பகனூரில் எங்கள் தெருவில் ‘தராசு’ என்றால்தான் அவரைத் தெரியும். பழனிச் சந்தையில் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் முடிந்தும் சோதனை முடியவில்லை. இடது காலில் மதுரையில் வாங்கிய உயர்ந்த ஷூ, வலது காலில் நடைபாதைக் கடை ஷூ. எது முதலில் தேய்கிறது என்று பார்க்கிறாராம். தேய்ந்தது இடுப்புதான். மழையில் கைக்கொரு குடை பிடித்து ஏரியைச் சுற்றிவிட்டு, எந்தத் தோள் நனைந்திருக்கிறது என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். எனக்குச் சளி பிடித்தது.

தீர்ப்பு சொன்னால் சொன்னதுதான். மகள் வசந்தி விஷயத்திலும் அப்படித்தான். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பள்ளங்கியில் குடியேறிய குடும்பத்துப் பையன் முத்துவை அவள் விரும்பினாள். கம்ப்யூட்டர் படித்தவன், அமெரிக்காவில் வேலை. தராசு வேண்டாம் என்றார். இருவரும் பழனியில் மாலை மாற்றிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள். பிறகு இரண்டு தடவை பள்ளங்கிக்கு வந்தார்கள். போகும்போதும் வரும்போதும் பஸ் எங்கள் தெரு முனையில் நின்றது. அவர்கள் இறங்கவில்லை. அந்த நாட்களில் தராசு எதையும் சோதிக்கவில்லை.

அரசாங்கமே சாராயக் கடை நடத்த ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு மார்கழியில் வசந்தி போன் செய்து அம்மாவிடம் பேசினாள். இந்தத் தடவை வீட்டுக்கே வருகிறார்கள், அப்பாவுக்கு விலை உயர்ந்த பர்பன் விஸ்கி ஒன்று வருகிறது. தராசின் மனைவி, எனக்கு மதினி முறை, நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, நீங்கதான் சொல்லணும். மாப்பிள்ளை மொத மொத வாராக. ருசி பாத்துட்டு, காசுக்குத் தேறாதுன்னு இந்த மனுசன் சொல்லிப்புட்டார்னா, எம் புள்ள இனி இந்த வாசல மிதிக்க மாட்டா.”

தராசிடம் போய்ச் சொன்னேன். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

“யோவ், என்னையப் பொய் முத்திரை குத்தச் சொல்றியா?” என்றார். நான் செருப்பைத் தேடினேன்.

வந்தார்கள். முத்து காலில் விழுந்து எழுந்து, மெழுகால் வாய் அடைத்த பாட்டிலை நீட்டினான். தராசு அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணு மட்டும் இருந்தா எதோட ஒத்துப் பாக்குறது?” என்றார்.

முத்து பைக்குள் கைவிட்டு இன்னொரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“இது அதுல ஆறுல ஒரு பங்கு வெலைங்க மாமா. ரெண்டும் இல்லாம ஒங்ககிட்ட வர ஏலாதுன்னு வசந்தி சொன்னா.”

தராசின் முகத்தில் அப்படியொரு மரியாதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாப்பிட்ட நாக்கு பொய் சொல்லும் என்பதால் மறுநாள் வெள்ளனே, வெறும் வயிற்றில் சோதனை. இரண்டு எவர்சில்வர் டம்ளர். விலை கூடினதற்கு அடியில் குங்குமம், குறைந்ததற்குத் திருநீறு என்று அவர் பார்க்காமல் அடையாளம் வைத்து மதினி கொண்டுவந்தார். மக்காச்சோளத்தில் வடித்து, உள்பக்கம் தீயில் கருக்கிய மரப்பீப்பாயில் வருஷக்கணக்காக ஊறப்போடுவார்கள் என்று முத்து விளக்கினான். எனக்கும் மூடியளவு கிடைத்தது. இரண்டும் இருமல் மருந்து. ஒன்றில் வெல்லப்பாகு வாசனை. அன்று முழுக்க என் வயிறு எரிந்தது வேறு விஷயம்.

தராசு மோந்தார். நாக்கில் உருட்டினார். கண்ணை மூடினார். மதினி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எதுப்பா நல்லாருக்கு?” என்றாள் வசந்தி. இத்தனை வருஷத்தில் மகள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

தராசு டம்ளரைக் கீழே வைத்தார்.

“குளிரு சாஸ்தியாக் கெடக்கு. வாசம் மேல வரமாட்டேங்குது. வெயில்ல ஒருக்காப் பாத்தாத்தான் சொல்ல முடியும். மாப்ள, அடுத்த வருசம் சித்திரையில வாங்க.”

சித்திரையில் வந்தார்கள். வெயில் அதிகம் என்றார். அடுத்த தடவை ஆடிக் காற்று வாசனையை அடித்துக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த தடவை தவழ்ந்து வந்த பேரன் டம்ளரைத் தட்டிவிட்டான். சோதனை செல்லாது என்று அறிவித்தார். பழைய பாட்டில்கள் தீர்ந்து புதியவை வந்தன. எதற்கும் உடனே தீர்ப்பு சொன்ன மனிதர் இதற்கு மட்டும் வாய்தாவுக்கு மேல் வாய்தா போட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு மேடு ஏறும்போது கேட்டேன். “அண்ணே, எங்கிட்டயாவது சொல்லுங்க. அந்தக் காசுக்கு அது தகுமா?”

“மொத மடக்குலயே தெரிஞ்சுபோச்சுய்யா. மலிவுதான் நல்ல சரக்கு. மத்ததுல பாதிக் காசு மெழுகுக்கும் பொட்டிக்கும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவர் நின்று மூச்சு வாங்கினார். “சொல்லிட்டா சோலி முடிஞ்சுபோகும்ல. அப்புறம் எதச் சொல்லி அந்தப் புள்ளைகள வரச் சொல்றது?”

என் கூடையையும் வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். அவர் காலமான பிறகு அந்த மேட்டில் நான் ஏறுவதில்லை. சுற்றுவழியாகத்தான் சந்தைக்குப் போய் வருகிறேன்.