அஞ்சுகலரும் அறுபது சீட்டும்

எதையும் விட மனம் வராதவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் சித்தப்பா வீட்டில் ஒருவர் இருப்பார். உங்கள் சம்பந்தி வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டை வாளியைக் குப்பையில் போடப் போனால் குறுக்கே வந்து கையைப் பிடிப்பார்கள். உறை போன தலையணை, தலையணை போன உறை, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே மந்திரம்தான். “இருக்கட்டுமே.”

வீட்டுச் சாமானோடு நின்றால் யாருக்கும் தொந்தரவில்லை. இந்த இனத்தார் ஒருவர் கையில் சீட்டைக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

சீட்டு என்றதும் ராஜா ராணி என்று நினைத்துவிடாதீர்கள். பூதம், மந்திரவாதி, பறக்கும் நாகம் என்று படம் போட்டுக் கடையில் பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்களே, அந்தச் சீட்டு. மீசை நரைத்தவர்கள்கூட ஆடுகிறார்கள். அதில் ஐந்து நிறம். நிறத்தைக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால் சுலபமாக விளங்கும். சிவப்பு, கோபக்காரச் சித்தப்பா வீடு. வாய் பேசி முடிப்பதற்குள் கை பேசிவிடும். நீலம், ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டு, நீங்கள் கிளம்பும் நேரம் பார்த்து “கொஞ்சம் உக்காருங்க” என்கிற அத்தை வீடு. பச்சை, ஆளுக்கு ஆள் ஆறடி வளர்ந்து, பந்தியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத மாமன் வீடு. வெள்ளை, ஒருவருக்குத் தலைவலி என்றால் ஒன்பது பேர் வரிசையில் வந்து நிற்கிற பெரியம்மா வீடு. கறுப்பு? எல்லார் குடும்பத்திலும் அப்படி ஒரு வீடு உண்டு. பேர் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு நிறத்துக்கும் நிலச்சீட்டு என்று தனியாக உண்டு. பச்சை நிலம் மேசையில் விழுந்தால்தான் பச்சைப் பூதம் இறங்கும். நிலம் வராவிட்டால் எப்பேர்ப்பட்ட பூதமும் கையிலேயே குந்திக்கொண்டு கொட்டாவி விட வேண்டியதுதான். அதனால் விவரமானவர்கள் ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு நிறம் எடுத்து, அறுபது சீட்டில் கட்டை முடித்துவிடுவார்கள். அறுபதுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கூடக் கூடாது என்று சட்டம் கிடையாது. சட்டம் எழுதிய புண்ணியவானுக்கு நம் இனத்தாரோடு பழக்கமில்லை போலிருக்கிறது.

இப்போது நம் ஆளைப் பாருங்கள். பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுப்பவர். வேலையில் கெட்டிக்காரர். டப்பாவைக் குலுக்கி, மூடியில் ஒரு பொட்டு வைத்து, அது காயும் வரை வாடிக்கையாளரை அசையவிடமாட்டார். “ஈரத்துல பார்த்து ஏமாறாதீங்க. காய்ஞ்சா வேற முகம் காட்டும்.” சுவருக்குச் சுவர் ஒரு நிறம் கேட்டு யாராவது வந்துவிட்டால் போச்சு. “ஒரு ரூமுக்கு ரெண்டு கலர் போதுங்க. அதுக்கு மேல போனா அது ரூமா, குடைக்கடையா?” என்று அடித்துச் சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்டவர், மாலையில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் சீட்டைப் பரப்பினார் என்றால் ஐந்து நிறமும் வேண்டும். சீட்டு விற்று, ஆடவும் மேசை போட்டுக் கொடுக்கிற சீட்டுக்கடையில் அவருக்கு அஞ்சுகலர் என்றே பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஏன் ஐந்தும்? அவரைக் கேட்டால் விளையாட்டுக் காரணம் சொல்வார். உண்மைக் காரணம் வேறு. ஒவ்வொரு சீட்டுக்கும் அவரிடம் வம்சாவளி இருக்கிறது. நீல நாகம், மனைவியின் தாய்மாமன் மகன் வேலை மாறிப் போனபோது பிரியமாகக் கொடுத்தது. சிவப்பு எரிமலை அவர் வாங்கிய முதல் பொட்டலத்தில் முதலாவதாக வந்தது; தலைப்பிள்ளை மாதிரி. கறுப்புச் சூனியக்காரி இதுவரை ஒரே ஒருமுறை உதவியவள். ஒருமுறை உதவியவளை வாசலில் நிறுத்தலாமா? பச்சையும் வெள்ளையும் ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பவர்கள். இப்படியே பந்தி நீண்டு, அறுபதைத் தாண்டி, நூறைத் தாண்டி, கட்டு செங்கல் கனத்துக்கு வந்துவிட்டது. கட்டு வைக்கிற பெட்டி மூடாமல், மூடியில் ரப்பர் பேண்டு போட்டிருந்தார். அதுவும் இரண்டு.

“தட்டு வைக்கணும், எடுங்க” என்பார் மனைவி.

“ஒரே ஒரு சீட்டை எடுத்துட்டா முடிஞ்சிடும்மா. எதைன்னுதான் பார்க்கிறேன்.”

“போன வாரமும் அந்த ஒரே ஒரு சீட்டைத்தானே பார்த்துக்கிட்டிருந்தீங்க?”

“அதை எடுத்துட்டேன். அப்புறம் பாவமா இருந்துச்சு.”

இந்த இடத்தில் சகலையை அறிமுகப்படுத்திவிட வேண்டும். மனைவியின் அக்கா புருஷன். டவுன் பஸ் ஓட்டுபவர். அவர் கட்டில் ஒரே நிறம், சிவப்பு. அறுபது சீட்டு, ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. சிவப்புக் குட்டிப் பிசாசுகளை வரிசையாக இறக்குவார், அடிப்பார், எழுந்து டீக்குப் போய்விடுவார். பஸ்ஸையும் அப்படித்தான் ஓட்டுவார், ஏறினவர்கள் ஏறினவர்கள்தான். இந்தச் சகலையிடம் அஞ்சுகலர் தோற்காத வாரம் கிடையாது. தோற்றதும் கையில் மிச்சமிருக்கும் சீட்டை விரித்துக் காட்டி, “பாரு சகலை, நீல நிலம் ஒண்ணு விழுந்திருந்தா உன் கதி என்னாயிருக்கும்!” என்பார். சகலை தலையாட்டிவிட்டு டீ குடிப்பார்.

இந்த வருடம் விஷயம் பெரிது. ஊர்விட்டு ஊர் போய் ஆடும் போட்டிக்குச் சீட்டுக்கடையிலிருந்து ஆறு பேர் போகிறார்கள். ஐந்து பேர் முடிவாகிவிட்டார்கள். ஆறாவது இடம் அஞ்சுகலருக்கா, சகலைக்கா? சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் மோத வேண்டும். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவர் போகலாம். போன வருடமும் அஞ்சுகலர் போட்டிக்குப் போகிற வண்டியில் போனார்தான், எல்லார் பையையும் பார்த்துக்கொள்ள. ஒரு நாள் முழுக்கப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உள்ளே எழும் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த முறை மேசையில் உட்கார வேண்டும் என்று எத்தனை ஆசை இருக்கும், நீங்களே யோசியுங்கள்.

சனிக்கிழமை பெயிண்ட் கடையில் கூட்டம். வீட்டுக்கு ஓடிவந்து கையில் ஒட்டிய பெயிண்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதே வாசலில் சகலையின் ஹாரன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அஞ்சுகலர் ஓடினார். பெட்டி லேசாக இருந்ததோ? மூடியில் ரப்பர் பேண்டு இல்லையோ? பதற்றத்தில் யார் கவனித்தார்கள்.

முதல் ஆட்டம். கட்டைக் கலைக்கிறார், ஒரே கைக்குள் அடங்குகிறது. வழக்கமாக மூன்று பங்காகப் பிரித்து மேசையில் வைத்துக் கலைக்கிறவர். ‘இன்னைக்குக் கை நல்லா இருக்கு’ என்று நினைத்துக்கொண்டார். பச்சை நிலம் வந்தது. அடுத்து வெள்ளை நிலம். பூதம் இறங்கியது. பூதத்துக்குக் காயம் பட்டதும் வெள்ளைக் காவல்காரி வந்தாள். மறுபடி பச்சை. சகலையின் குட்டிப் பிசாசுகள் மாமன் வீட்டு ஆட்கள் மேல் மோதி மோதி விழுந்தன. சகலை டீ நினைப்பையே விட்டுவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பலிக்கவில்லை. அஞ்சுகலர் ஜெயித்தார்!

சீட்டுக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். “அஞ்சுகலர், என்னய்யா பண்ணீங்க?”

“எல்லாம் கட்டுல இருக்கு” என்றார் அஞ்சுகலர் கம்பீரமாக. சொல்லிக்கொண்டே சீட்டுகளைச் சேர்த்தவர் முகம் மாறியது. நீல நாகத்தைக் காணோம். எரிமலையைக் காணோம். சூனியக்காரியின் நிழல்கூட இல்லை. ஜெயித்த மனிதர், பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் மனைவி வேலை முடிந்து நேராகக் கடைக்குள் வந்தார். அவருக்குக் கூரியர் ஆபீஸில் பார்சல் கட்டும் வேலை.

“என் நாகம் எங்கே?”

“பெட்டி மூடலை. மூடலைன்னா உள்ளே சாமான் அதிகம்னு அர்த்தம். துணி துவைக்கிற மாதிரி கலர் கலராப் பிரிச்சேன். பச்சையும் வெள்ளையும்தான் நிறைய இருந்துச்சு. எண்ணினேன், அறுபதுக்கு மேல நாலஞ்சு. போகட்டும்னு விட்டுட்டேன்.”

“என்னைக் கேக்காம...”

“கேட்டா விடுவீங்களா? சரி, ஜெயிச்சீங்களா இல்லையா?”

“ஜெயிச்சேன்.”

“அப்புறம் என்ன?”

கேள்வி நியாயமானதுதான். உங்களுக்கும் எனக்கும் அதோடு கதை முடிந்தது. ஆனால் அஞ்சுகலர் மனைவியின் கைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பெருமூச்சு விட்டு, உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பார்சல் டேப் போட்டு ஒட்டிய பொட்டலம். “கேப்பீங்கன்னு தெரியும். பிரிக்காம வச்சுக்குங்க. நாளைக்குப் பிரிக்கலாம்.”

ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சீட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. எந்தக் கெட்ட நேரத்தில் அதை வைத்தார்களோ! டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தார் அஞ்சுகலர்.

“வேணாங்க” என்றார் மனைவி.

“வேணாம் அஞ்சுகலர்” என்றார் கடைக்காரர்.

“சகலை, உன் நல்லதுக்குச் சொல்றேன், வேணாம்” என்றார் எதிராளியே.

“இருக்கட்டுமே. உங்களுக்குப் புரியாது. ரெண்டு கலர்லயே இந்த வெளு வெளுத்தேன்னா, அஞ்சும் இருந்தா எப்படி இருக்கும்? அதுவும் போக, இவங்க இல்லாம ஜெயிச்சது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு.”

அத்தனை பேரும் கட்டுக்குள் போனார்கள். மூன்று பங்காகப் பிரித்துக் கலைத்தார். இரண்டாவது ஆட்டத்தில் கைக்கு வந்தது நீல நாகம், சூனியக்காரி, பச்சைப் பூதம் இரண்டு. மேசைக்கு வந்தது சிவப்பு நிலம், அதன் பின்னால் வெள்ளை நிலம். விருந்தாளிகள் எல்லாம் வந்துவிட்டார்கள். உட்காரப் பாய் இல்லை. சகலை அடித்தார், எழுந்தார், டீக்குப் போனார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் கடைக்காரர் கெஞ்சினார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. மூணு கலரையும் எடுத்துடுங்க.” அஞ்சுகலருக்கும் அது புரியாமல் இல்லை. வண்டியும் கண்ணுக்குத் தெரிந்தது, பைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. சூனியக்காரியை வெளியே எடுத்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. சூனியக்காரியை உள்ளே வைத்துவிட்டு, போனால் போகிறதென்று வெள்ளை நிலம் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

மூன்றாவது ஆட்டத்தை விவரிக்கத் தேவையில்லை. சகலைக்கு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

“பாரு சகலை, நீல நிலம் ஒண்ணு மட்டும்...” என்று அஞ்சுகலர் கையை விரித்தார். சகலை அதைப் பார்க்கவில்லை. மெதுவாக நாற்காலியைத் திருப்பி, அஞ்சுகலரின் மனைவி பக்கம் குனிந்தார்.

“கொழுந்தியா, இந்த வருஷம் பூரா என்னைத் தோக்கடிச்சது உன் கட்டு ஒண்ணுதான். போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி என் கட்டையும் ஒரு பார்வை பார்த்துத் தாயேன்.”

“எனக்கு ஆட்டம் தெரியாதே அத்தான்.”

“அதனாலதான் கேக்கிறேன்.”

அஞ்சுகலர் இந்த முறையும் வண்டியில் போகிறார். பைகளைப் பார்த்துக்கொள்ள. அவருடைய பைதான் இருப்பதிலேயே கனமாம். திங்கட்கிழமை கடையில் ஓர் அம்மா வரவேற்பறைக்கு மூன்று நிறம் கேட்டாராம். அரைமணி நேரம் புத்திமதி சொல்லி ஒரே நிறத்தோடு அனுப்பி வைத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரிப்பதற்குத்தான் சொன்னது. ஆனால் ஒன்று கேட்கலாமா? கடைசியாக வெளியூர் கிளம்பினபோது உங்கள் பெட்டி எப்படி மூடியது? தானாக மூடியதா, மேலே ஏறி உட்கார்ந்தீர்களா? இரண்டு நாள் பயணத்துக்கு அந்த மூன்றாவது செருப்பு எதற்கு? பக்கத்தில் யாரோ கையைக் கட்டிக்கொண்டு நின்று, “வேணாம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

அதையேதான் அவரும் சொன்னார்.